பதினெட்டு மாதத் தாமதமும் மூன்று மாத இழப்பும்: மெடிகேர் பார்ட் டி, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் மருந்துக் கடைச் சீட்டுக்குப் பணம் கொடுக்கும் பகுதி பார்ட் டி. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் அதன் கணக்கையே மாற்றிவிட்டது. பிள்ளைகளோடு இருக்க வந்த தமிழ்ப் பெற்றோர் பலர் பார்ட் டி பற்றிக் கேள்விப்படுவதே ஒரு விலை உயர்ந்த மருந்து எழுதப்பட்ட பிறகுதான். அப்படிக் கேள்விப்படும்போது என்னென்ன கை நழுவிப் போயிருக்கும், எதை இன்னும் மீட்கலாம் என்பதே இந்த ஆய்வு.

இதில் வரும் அம்மா, விதிகளை விளக்குவதற்காக நாங்கள் அமைத்துக்கொண்ட மாதிரி. எந்தத் தனி நபரும் அல்ல. தேதிகளும் தொகைகளும் 2026ஆம் ஆண்டு விதிப்படியானவை.

நிகழ்வு

அம்மாவுக்கு வயது 72. டெக்சஸில் மகன் வீட்டில் இருக்கிறார். மகன் மனுச் செய்து, 2019 மார்ச்சில் கிரீன் கார்டோடு வந்தவர். அமெரிக்காவில் வேலை பார்த்ததில்லை. சர்க்கரை நோய் இருபது வருடமாக. கூடவே ரத்த அழுத்தமும் கொழுப்பும். முதல் ஐந்து வருடம் ஊரிலிருந்து வருபவர்கள் பெட்டியில் மாத்திரை கொண்டுவந்தார்கள். தீர்ந்துபோனால் தள்ளுபடி அட்டையைக் காட்டி இங்கேயே வாங்கினார்கள்.

2024 மார்ச்சில் ஐந்து வருடத் தொடர் வசிப்பு முடிந்தது. வேலை பார்த்துச் சேர்த்த 40 காலாண்டு (பத்து வருட வேலை) இல்லாதவர்களுக்கு மெடிகேர் வாசல் திறப்பது அப்போதுதான். மகன் கவனமாக இருந்து, பார்ட் ஏ (ஆஸ்பத்திரி), பார்ட் பி (டாக்டர், வெளிநோயாளர் சிகிச்சை) இரண்டையும் பிரீமியம் கட்டி எடுத்துவிட்டார். 2026இல் பார்ட் ஏ முழுப் பிரீமியம் மாதம் 565 டாலர், பார்ட் பி 202.90 டாலர். பார்ட் டி படிவத்தை மட்டும் ஒதுக்கி வைத்தார். "மெட்ஃபார்மினுக்கும் அடோர்வாஸ்டேட்டினுக்கும் மாதம் பத்து டாலர் ஆகுது. அதுக்கு எதுக்கு இன்னொரு பிரீமியம்?" அன்றைய கணக்குக்கு அது சரியான கேள்விதான்.

2025 அக்டோபரில் அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க எலிக்விஸ் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு. சர்க்கரைக்கு ஜார்டியன்ஸ் 10 மில்லிகிராம், தினம் ஒன்று. இரவில் ஒரு வேளை நீண்ட நேர இன்சுலின். அந்தக் கோடையிலேயே சிறுநீர் அடக்க முடியாத தொல்லைக்கு மிராபெக்ரான் ஆரம்பித்திருந்தார். மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டேட்டின், மெட்டோப்ரோலால் தொடர்ந்தன. எலிக்விஸைக் காசு கொடுத்து ஒரு முறை வாங்கிய பிறகு மகன் பார்ட் டி படிவத்தைத் தேடி எடுத்தார்.

நல்ல வேளையாக அது அக்டோபர். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பார்ட் டி சேர்க்கை திறந்திருக்கும். சேர்ந்தால் ஜனவரி 1 முதல் நடப்புக்கு வரும். இதே நோய் பிப்ரவரியில் தெரிந்திருந்தால், தனி விதிவிலக்கு எதுவும் கிடைக்காத பட்சத்தில், அந்த வருடம் முழுக்கக் கைக்காசுதான்.

முதல் பிசகு: தாமத அபராதம்

ஒருவர் தகுதி பெறும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று என ஏழு மாதம் முதல் சேர்க்கைக் காலம். அம்மாவுக்கு அது 2024 ஜூனோடு முடிந்தது. அதன் பிறகு தகுதியான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் அல்லது அதற்கு மேல் போனால் அபராதம் ஏறத் தொடங்கும். 2024 ஜூலை முதல் 2025 டிசம்பர் வரை 18 முழு மாதங்கள். மாதத்துக்கு 1 சதவீதம் என்றால் 18 சதவீதம். இந்தச் சதவீதம் அவர் எடுத்த திட்டத்தின் பிரீமியத்தின் மேல் அல்ல, தேசிய அடிப்படைப் பிரீமியத்தின் மேல் கணக்கிடப்படும். 2026க்கு அது 38.99 டாலர். 18 சதவீதம் 7.018, அருகிலுள்ள பத்து சென்ட்டுக்குச் சீராக்கினால் மாதம் 7 டாலர்.

ஏழு டாலர் சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் பார்ட் டி இருக்கும் காலமெல்லாம் இது கூடவே வரும். அடிப்படைப் பிரீமியம் ஏறும் வருடங்களில் இதுவும் ஏறும். பூஜ்யம் டாலர் பிரீமியத் திட்டத்தில் சேர்ந்தாலும் அபராதம் தனியாக வரும். நலமாக இருக்கும்போது வெளியே நின்றுவிட்டு நோய் வந்த பிறகு எல்லாரும் உள்ளே வந்தால் காப்பீடு தாங்காது என்பதால் வைத்த விதி. 2024 இலையுதிர் காலத்திலேயே குறைந்த பிரீமியத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தால் ஆறு சதவீதத்தோடு நின்றிருக்கும். முதல் ஏழு மாதத்துக்குள் சேர்ந்திருந்தால் ஒன்றுமே இல்லை.

திட்டத்தில் சேர்ந்ததும் காப்பீட்டு நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பும்: இடைப்பட்ட காலத்தில் தகுதியான மருந்துக் காப்பீடு இருந்ததா என்று கேட்கும். 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். பல வீடுகளில் இதை விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். பதில் இல்லையென்றால் இல்லை என்றே கணக்கு. வேலை செய்யும் பெற்றோருக்கு அலுவலகக் காப்பீடு இருந்திருக்கலாம். அது தகுதியானது என்ற கடிதத்தை நிறுவனம் ஆண்டுதோறும் தரும், அதைப் பத்திரப்படுத்த வேண்டும். அபராதம் தவறு என்றால் அந்த அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஊரில் எடுத்த காப்பீட்டையும் விசிட்டர் இன்சூரன்ஸையும் நம்பி இந்த 63 நாள் கடிகாரத்தை மறந்துவிடக் கூடாது. அம்மாவிடம் காட்ட எந்தக் கடிதமும் இல்லை; அபராதம் அப்படியே நிலைத்தது.

இரண்டாவது: திட்டத்தைத் தேர்ந்த விதம்

பார்ட் டி-யை அரசு நேரடியாக நடத்துவதில்லை. தனியார் நிறுவனங்கள் அரசு விதிக்குள் நடத்துகின்றன. ஏ, பி மெடிகேரோடு தனி மருந்துத் திட்டமாக எடுக்கலாம். அல்லது ஏ, பி, டி மூன்றையும் ஒன்றாகக் கட்டிய மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்குள் எடுக்கலாம். அதனால் "மெடிகேர் இந்த மருந்தைக் கொடுக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த மாவட்டத்தில், எந்தத் திட்டத்தில், எந்த வருடத்தில் என்று கேட்க வேண்டும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஃபார்முலரி என்ற மருந்துப் பட்டியல் உண்டு. பட்டியலுக்குள் அடுக்குகள், பெரும்பாலும் ஐந்து. முதல் அடுக்கில் மலிவான ஜெனரிக், கடைசியில் ஸ்பெஷாலிட்டி மருந்து. சில மருந்துகளுக்குப் பக்கத்தில் நிபந்தனைக் குறி இருக்கும்: முன் அனுமதி வாங்க வேண்டியவை, மாத அளவு வரம்பு உள்ளவை, வேறொரு மருந்தை முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியவை. இந்தக் கடைசி நிபந்தனைக்கு ஸ்டெப் தெரபி என்று பெயர். வலிப்பு, மனச்சோர்வு, மனப்பிறழ்வு, புற்றுநோய், எச்ஐவி, உறுப்பு மாற்று நிராகரிப்புத் தடுப்பு ஆகிய ஆறு வகையில் ஏறக்குறைய எல்லா மருந்தையும் பட்டியலில் வைத்தே ஆக வேண்டும். எடை குறைக்க, முடி வளர, இருமல் சளிக்கு, ஆண்மைக் குறைவுக்கு என்று எழுதப்படும் மருந்துகளும், சீட்டில்லாமல் வாங்குபவையும், பெரும்பாலான வைட்டமின்களும் அடிப்படைப் பார்ட் டி-க்கு வெளியே. அம்மாவின் டாக்டர் எழுதும் வைட்டமின் டி மாத்திரை எந்தத் திட்டத்துக்குப் போனாலும் பெரும்பாலும் கைக்காசுதான்.

மகன் பிரீமியத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி மலிவானதை எடுத்தார். மெடிகேர் தளத்தில் திட்டங்களை ஒப்பிடும் பக்கத்தில் மருந்தின் பெயர், மில்லிகிராம், மாத எண்ணிக்கை, வழக்கமாகப் போகும் ஃபார்மசி நான்கையும் போட்டால் அந்த வருடத்துக்கு மருந்தும் பிரீமியமும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்று காட்டும். வரிசைப்படுத்த வேண்டியது அந்த மொத்தத்தால். இதில் சின்னப் பிழைகூடக் கணக்கைக் கெடுக்கும்: எலிக்விஸுக்கு 60 மாத்திரை என்பதற்குப் பதில் 30 என்று போட்டால் பாதி விலை காட்டும், மெட்டோப்ரோலால் டார்ட்ரேட்டும் சக்சினேட்டும் வெவ்வேறு மருந்து, இன்சுலின் பேனாவும் குப்பியும் வெவ்வேறு வரிகள். பக்கத்துத் தெரு ஃபார்மசி திட்டத்தின் வலைக்குள் (நெட்வொர்க்) இருந்தாலும் முன்னுரிமைக் கடையாக இல்லாமல் போகலாம். அதே மாத்திரைக்கு அங்கே கோ-பே (நாம் கட்டும் பங்கு) கூடும். மகன் எடுத்த திட்டத்தில் இதய, சர்க்கரை மருந்துகள் இருந்தன. மிராபெக்ரானுக்குப் பக்கத்தில் ஸ்டெப் தெரபி குறி இருந்ததை அவர் பார்க்கவில்லை.

பணம் எப்படிப் போகிறது

கணக்குக்கு அரசு வகுத்த அடிப்படை அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 2026இல் டிடக்டிபிள் அதிகபட்சம் 615 டாலர். அதுவரை முழு விலையும் நம்முடையது. அதற்குப் பிறகு 25 சதவீதம் நாம். நம் கையிலிருந்து போனது 2,100 டாலரைத் தொட்டதும் அந்த வருடம் மீதிக்கு பார்ட் டி மருந்துக்கு எதுவும் கட்ட வேண்டாம். 2025இல் இந்த உச்சவரம்பு 2,000 டாலராக இருந்தது. நடுவில் காப்பீடு குறைந்து நம் செலவு ஏறும் பழைய "டோனட் ஓட்டை" இப்போது இல்லை. அதைச் சொல்லிப் பயமுறுத்தும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றி வருகின்றன.

2026 ஜனவரியில் இன்னொன்றும் மாறியது. மெடிகேர் முதன்முதலாகப் பேரம் பேசிய பத்து மருந்துகளின் விலை நடப்புக்கு வந்தது. 2023இல் 30 நாளைக்கு 521 டாலர் பட்டியல் விலை இருந்த எலிக்விஸ் 231 ஆனது. 573 டாலராக இருந்த ஜார்டியன்ஸ் 197. இந்தப் பத்தும் எல்லா பார்ட் டி பட்டியலிலும் இருந்தாக வேண்டும். அம்மாவின் இரண்டு பெரிய மருந்தும் இதில் அடங்கியது அதிர்ஷ்டம்.

இன்சுலினுக்குத் தனி விதி. 2023 முதல் ஒரு மாத அளவுக்கு 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. டிடக்டிபிளும் அதற்குப் பொருந்தாது. சில இன்சுலினுக்கு 35க்கும் குறைவாகவே வரும். கீழே உச்சமான 35ஐயே வைக்கிறோம். ஜெனரிக் மூன்றும் முதல் அடுக்கில் பூஜ்யம் என்று கொள்வோம். மிராபெக்ரானை இதில் சேர்க்கவில்லை.

ஜனவரி: எலிக்விஸ் 231, ஜார்டியன்ஸ் 197, கூட்டினால் 428. முழுதும் டிடக்டிபிளுக்குள். இன்சுலினோடு 463 டாலர்.

பிப்ரவரி: டிடக்டிபிளில் பாக்கி 187. மீதி 241இல் கால்பங்கு 60.25. இன்சுலினோடு 282.25.

மார்ச் முதல்: 428இல் கால்பங்கு 107, இன்சுலின் 35, மாதம் 142. நவம்பர் முடிவில் மொத்தம் 2,023.25 ஆகும். டிசம்பரில் 76.75 கட்டியதும் 2,100 நிறைந்துவிடும்.

பிப்ரவரியில் ஃபார்மசியில் நின்றபோது மகனுக்குப் புரியாதது, போன மாதம் 463 ஆன அதே பொருள் இந்த மாதம் ஏன் 282 என்பது. கடையில் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். எவருக்கும் அப்படித்தான் தோன்றும். மருந்து மாறவில்லை, நிலைதான் மாறியது. மாதாமாதம் வரும் பயன்பாட்டு விளக்கக் கடிதத்தில் எந்த நிலையில் இருக்கிறோம், வரம்பை நோக்கி எவ்வளவு சேர்ந்தது என்று இருக்கும். படிக்க வேண்டிய கடிதம் அது.

ஜனவரியின் 463ஐப் பரப்பிக் கட்ட ஒரு வழி இருந்தது. 2025 முதல் எல்லாத் திட்டங்களும் வட்டியில்லாத் தவணை ஏற்பாட்டைத் தந்தாக வேண்டும். அதில் சேர்ந்தால் ஃபார்மசியில் எதுவும் கட்ட வேண்டாம். திட்டம் பின்னால் பில் அனுப்பும். முதல் மாத பில்லின் உச்சம், ஆண்டு வரம்பை மீதமுள்ள மாதங்களால் வகுத்தது: ஜனவரியில் சேர்ந்தால் 2,100ஐ 12ஆல் வகுக்க 175. பிப்ரவரியில், பாக்கி 288ஓடு புதிய 282.25ஐக் கூட்டி 11ஆல் வகுப்பார்கள்: 51.84. மார்ச்சில் 66.04. இப்படி மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். சமத் தவணை என்று எதிர்பார்த்து, செப்டம்பருக்குப் பிறகு பில் பெருத்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். மொத்தம் ஒரு சென்ட்டும் கூடாது, குறையவும் குறையாது. ஆண்டின் பிற்பாதியில் சேர்வதில் லாபமில்லை. பில் கட்டாமல் விட்டால் அவகாசத்துக்குப் பிறகு தவணை ஏற்பாட்டிலிருந்து நீக்கலாமே தவிர, அதற்காக மருந்துக் காப்பீட்டிலிருந்து நீக்க முடியாது.

இந்த ஏற்பாட்டைப் பற்றி ஃபார்மசியில் யாரும் சொல்லவில்லை. ஒரே சீட்டுக்கு 600 டாலரோ அதற்கு மேலோ ஆனால்தான் கடையில் அறிவிப்புக் கொடுக்கும்படி விதி. அம்மாவின் எந்தச் சீட்டும் தனியாக 600ஐத் தொடவில்லை.

பெட்டியில் வரும் மாத்திரைக்கும் இந்தக் கணக்கில் ஒரு விளைவு உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்ததும், தள்ளுபடி அட்டையில் திட்டத்துக்கு வெளியே வாங்கியதும் பொதுவாக டிடக்டிபிளிலோ 2,100லோ சேராது. மலிவான மெட்ஃபார்மினுக்கு அது பெரிய விஷயமில்லை. வரம்பை நோக்கி ஓட வேண்டிய மருந்தை அப்படி வாங்கினால் அந்தப் பணம் கணக்கில் ஏறாமலே கரைந்துபோகும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையில் பிராண்டும் அளவும் மாறிப்போகும் அபாயம் வேறு. மூன்று மாதம் ஊருக்குப் போவதென்றால் வெளிநாட்டுக் கடையில் வாங்குவதற்குத் திட்டம் பணம் தராது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே 90 நாள் அளவைக் கேட்டு, முன்கூட்டியே நிரப்பப் பயண அனுமதி வாங்கிக்கொள்ளச் சொல்லி ஃபார்மசியிடம் பேச வேண்டும்.

மிராபெக்ரான் மறுக்கப்பட்டது

ஜனவரி இரண்டாம் வாரம் ஃபார்மசித் திரையில் மறுப்பு வந்தது. கடையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்; திட்டத்திடம் முடிவு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்லும் தாள். கடைக்காரர் மறுப்பது காப்பீட்டின் முடிவு ஆகாது. திட்டத்திடம் முறைப்படி கேட்டால்தான் முடிவு வரும். முடிவு வந்தால்தான் மேல்முறையீடு. இந்த வித்தியாசம் தெரியாமல் கடையிலிருந்தே வீடு திரும்பிவிடுபவர்கள் ஏராளம்.

அன்றே கேட்டிருக்க வேண்டியது இடைக்கால அளவு. புதிதாகச் சேர்ந்தவர் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்து பட்டியலில் இல்லாவிட்டாலோ நிபந்தனையோடு இருந்தாலோ, சேர்ந்த முதல் 90 நாளுக்குள் ஒரு முறை ஒரு மாத அளவைத் திட்டம் தர வேண்டும். "டிரான்சிஷன் ஃபில்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடையிலேயே வேலை நடக்கும். அம்மா வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாததால் பத்து நாள் மாத்திரையில்லாமல் இருந்தார். அந்தப் பத்து நாளில் இரவு நான்கு முறை எழுந்தார். எலிக்விஸ் சாப்பிடும் 72 வயதுக்காரர் இருட்டில் குளியலறைக்கு நடப்பதில் உள்ள ஆபத்தை எந்தப் பில்லும் காட்டாது.

திட்டம் கேட்டது: முதலில் அதே தொல்லைக்கான ஆக்சிபியூட்டினின் சாப்பிட்டுப் பாருங்கள். டாக்டர் அலுவலகம் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் "நோயாளிக்கு மிராபெக்ரான் தேவை" என்ற ஒற்றை வரி. மறுத்துவிட்டார்கள். மறுத்ததில் வியப்பில்லை, விதிவிலக்குக்கு டாக்டரின் காரண விளக்கம் வேண்டும், வெறும் விருப்பம் போதாது.

மேல்முறையீட்டின் முதல் படியை மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து 65 நாளுக்குள் அதே திட்டத்திடம் கேட்க வேண்டும். இம்முறை எழுதியது வேறு. நோயாளிக்கு 72 வயது, மறதி தென்படுகிறது, ஆக்சிபியூட்டினின் ஆன்டிகோலினெர்ஜிக் வகை, முதியோரிடம் குழப்பமும் மலச்சிக்கலும் விழுதலும் வரவழைக்கக் கூடியது, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் இந்த வகையைத் தவிர்க்கச் சொல்கிறது, நோயாளி ரத்தம் உறையாமைக்கான மருந்தில் இருப்பதால் விழுந்தால் உள்ளே ரத்தக்கசிவு அபாயம், மிராபெக்ரானை ஆறு மாதம் தாங்கிக்கொண்டிருக்கிறார், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஐந்தே வரி. ஆறாவது நாள் அனுமதி வந்தது.

காலக்கெடுக்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் முடிவு வழக்கமாக 72 மணி நேரம், அவசரமானால் 24. விதிவிலக்குக் கேட்கும்போது இந்தக் கடிகாரம் டாக்டரின் விளக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். "கேட்டு ஒரு வாரமாச்சு" என்று காத்திருக்கும் பல வழக்குகள் அந்தத் தாள் இன்னும் டாக்டர் மேஜையில் இருப்பவை. திட்டத்திடம் மேல்முறையீட்டுக்கு 7 நாள், அவசரமானால் 72 மணி. அங்கேயும் மறுத்தால் சுயேச்சையான மறுஆய்வு அமைப்பு. அதற்கு மேல் நிர்வாக நீதிபதி, மெடிகேர் மேல்முறையீட்டுக் குழு, கடைசியில் ஃபெடரல் நீதிமன்றம். பெரும்பாலான மருந்து வழக்குகளுக்கு முதல் இரண்டு படியில் ஒரு நல்ல கடிதம் போதும் என்பது எங்கள் கருத்து. கிடைக்கும் அனுமதி பொதுவாக அந்த ஆண்டு முடியும் வரை. அடுத்த ஜனவரியில் மீண்டும் கடையில் நின்று திகைக்காமல் இருக்க டிசம்பரிலேயே புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்.

எந்தப் பகுதிக்கு எந்த பில்

பிப்ரவரியில் ஒரு இரவு படபடப்பு அதிகமாகி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாளுக்கும் மேல் "அப்சர்வேஷன்" என்று வைத்திருந்தார்கள். மெத்தையில் படுத்து இரவு தங்கினாலும் அது உள்நோயாளி அல்ல, வெளிநோயாளர் கணக்கு. 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி எழுத்தில் அறிவிக்க வேண்டும்; அந்தத் தாளில் மகன் கையெழுத்துப் போட்டார், படிக்கவில்லை. அங்கே கொடுத்த வழக்கமான வாய்வழி மாத்திரைகளுக்குப் பின்னால் தனி பில் வந்தது. தானே விழுங்கும் மாத்திரைக்கு வெளிநோயாளர் கணக்கில் பார்ட் பி பொதுவாகப் பணம் தராது. ஆஸ்பத்திரி மருந்தகம் பெரும்பாலும் பார்ட் டி வலைக்கு வெளியே. செய்ய வேண்டியது: மருந்து வாரியாகப் பிரித்த பில் கேட்டு வாங்கி, அவசரத்தால் வலைக்குள் உள்ள கடைக்குப் போக முடியவில்லை என்ற காரணத்தோடு பார்ட் டி திட்டத்துக்கு அனுப்பிப் பணம் திரும்பக் கேட்பது. தங்கள் விலைக்குத் தக்கதைத்தான் தருவார்கள். வித்தியாசம் நம் தலையில் வரலாம். இருந்தாலும் கேட்காமல் விடுவதில் அர்த்தமில்லை.

இதே குழப்பம் கடையிலும் உண்டு. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் குத்தும் ஊசியும் மீட்டரும் பார்ட் பி. இன்சுலின் பேனாவுக்குப் பொருத்தும் ஊசி, சிரிஞ்ச், ஆல்கஹால் பஞ்சு பார்ட் டி. பேனா இன்சுலின் பார்ட் டி. உடலில் மாட்டும் நீடித்த பம்ப்பில் போகும் இன்சுலின் பார்ட் பி. டாக்டர் அறையில் ஏற்றும் டிரிப் மருந்து பி. ஃப்ளூ, நிமோனியா, கோவிட் தடுப்பூசி பி; அக்கி அம்மை, ஆர்எஸ்வி தடுப்பூசி டி, 2023 முதல் அவற்றுக்குக் கட்டணமே இல்லை. கடையில் "கவர் ஆகலை" என்றால், எந்தப் பகுதிக்கு அனுப்பிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பல மறுப்புகள் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும்.

முதலில் கேட்டிருக்க வேண்டியது

ஏப்ரல் 2ஆம் தேதி, மாநிலத்தின் இலவச மெடிகேர் ஆலோசனைச் சேவையில் இருந்தவர் தொலைபேசியில் முதலில் கேட்டது: "அம்மாவுக்குச் சொந்த வருமானம் எவ்வளவு?" இல்லை என்றார் மகன். "அப்படியானால் எக்ஸ்ட்ரா ஹெல்ப்புக்குப் போட்டீர்களா?" மகனின் சம்பளம் அதிகம் என்பதால் கிடைக்காது என்று அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்பது பார்ட் டி செலவுக்கான ஃபெடரல் உதவி. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இணையத்திலும் போடலாம். 2024 முதல் வறுமைக் கோட்டின் 150 சதவீதம் வரை முழு உதவி. கணக்கில் வருவது விண்ணப்பிப்பவரின் வருமானமும் உடன் வாழும் கணவன் அல்லது மனைவியின் வருமானமும். பிள்ளை வீட்டில் இலவசமாகத் தங்கிச் சாப்பிடுவதை வருமானமாகக் கொள்வதில்லை. 2010 முதல் அப்படித்தான். சொத்துக்கு 2026 வரம்பு தனியாளுக்கு 18,090 டாலர், தம்பதிக்கு 36,100. குடியிருக்கும் வீடு, கார், ஆயுள் காப்பீடு சேராது. ஊரில் உள்ள வங்கி வைப்பும், வாடகைக்கு விட்ட வீடும், நிலமும் சேரும். ஓய்வூதியம் வந்தால் அது வருமானம். இவற்றை மறைத்து எழுதக் கூடாது. தகவல் உண்மை என்று உறுதிமொழி தந்து கையெழுத்திடும் படிவம் இது. அம்மாவிடம் ஊரில் இருந்தது சிறிய வைப்புத் தொகை மட்டும், அதன் வட்டி வருமானமும் சொற்பம். மகன் அந்த மாதமே விண்ணப்பம் போட்டார்.

அனுமதி வந்தது. டிடக்டிபிள் பூஜ்யம். 2026இல் ஜெனரிக்குக்கு அதிகம் போனால் 5.10 டாலர், பிராண்டுக்கு 12.65. எலிக்விஸ், ஜார்டியன்ஸ், இன்சுலின் மூன்றும் சேர்ந்து மாதம் 37.95. அந்த 18 சதவீத அபராதம் நீங்கியது. மாநிலத்துக்கான அளவுகோல் தொகை வரை பிரீமியமும் உதவியிலேயே போகிறது. தனி மருந்துத் திட்டத்தை மாதம் ஒரு முறை மாற்றும் உரிமையும் வந்தது. மிராபெக்ரானுக்கு நிபந்தனை இல்லாத திட்டத்துக்கு டிசம்பர் வரை காத்திராமலே போகலாம்.

உதவி விண்ணப்பம் போட்ட மாதத்தின் முதல் நாளிலிருந்து நடப்புக்கு வரும். முடிவு ஜூனில் வந்தாலும் ஏப்ரல் 1 முதல் கூடுதலாகக் கட்டியதைத் திட்டம் திருப்பித் தர வேண்டும். ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் 887.25 டாலர் திரும்பாது. ஜனவரி 2ஆம் தேதி அதே படிவத்தைப் போட்டிருந்தால் அந்த மூன்று மாதத்துக்கும் ஆகியிருப்பது 113.85. வித்தியாசம் 773.40 டாலர். 2024லேயே போட்டிருந்தால் அபராதமும் முளைத்திருக்காது, எலிக்விஸைக் காசு கொடுத்தும் வாங்கியிருக்க வேண்டாம்.

அதனால்தான் எங்கள் வரிசை பொதுவாகச் சொல்லப்படுவதற்குத் தலைகீழ். ஐந்து வருடம் முடியப்போகும் பெற்றோர் இருந்தால், திட்டங்களை ஒப்பிடுவதற்கு முன் எக்ஸ்ட்ரா ஹெல்ப் விண்ணப்பம். அதில் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தோடு மாநில உதவி இருக்கிறதா என்று பார்ப்பது: நியூ ஜெர்சியில் பிஏஏடி, நியூயார்க்கில் எபிக், பென்சில்வேனியாவில் பேஸ் என்று முதியோர் மருந்துத் திட்டங்கள் உள்ளன. பிறகு மருந்துப் பட்டியலைத் தட்டச்சு செய்து மொத்தச் செலவால் திட்டத்தைத் தேர்வது. மருந்தே இல்லாதவரானாலும் முதல் ஏழு மாதத்துக்குள் ஏதாவதொரு மலிவான திட்டத்தில் பெயரைப் பதிந்துவிடுவது. தவணை ஏற்பாடு வேண்டுமென்றால் டிசம்பரிலேயே திட்டத்தை அழைத்துச் சொல்லிவிடுவது. எக்ஸ்ட்ரா ஹெல்ப் உள்ளவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

அம்மாவின் வழக்கில் இன்னும் ஒரு வேலை மீதம். செப்டம்பர் இறுதிக்குள் திட்டத்திலிருந்து அடுத்த ஆண்டு மாற்ற அறிவிப்பு வரும். எந்த மருந்து எந்த அடுக்குக்குப் போகிறது, எந்தக் கடை முன்னுரிமை இழக்கிறது என்று அதில் இருக்கும். எக்ஸ்ட்ரா ஹெல்ப் தொடருமா என்று சோஷியல் செக்யூரிட்டியும் ஒரு மறுஆய்வுப் படிவம் அனுப்பலாம். 30 நாளுக்குள் அது திரும்பிப் போகாவிட்டால் உதவி நின்றுபோகும். அந்த இரண்டு உறையையும் பிரித்துப் படிக்கும் பொறுப்பை மகன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.